குண்டானின் பிறந்த ஊர்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பார்த்தே தீர வேண்டிய இடங்கள் என்று ஒரு ஜாபிதா உண்டு. ஏரி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிள்ளியூர் அருவி, கரடிக் குகை, கடைசியில் சேர்வராயன் கோயில். டாக்ஸிக்காரர் இதை ஒரே மூச்சில் சொல்லுவார். நாம் மூச்சு விடுவதற்குள் வாடகையையும் சொல்லிவிடுவார். நான் எழுதப் போவது இந்த ஜாபிதாவில் இடம் பெறாத ஒரு வழியைப் பற்றி. சேர்வராயன் கோயிலுக்கு அப்பால் புல் மூடிக் கிடக்கும் ஒரு பழைய லாரித் தடம் அது. அதில் நடப்பதற்கென்றே ஊரிலிருந்து புறப்பட்டு வருகிறவர்கள் யாரும் கிடையாது, எங்கள் மாமாவைத் தவிர.

மாமா என் தாயாரின் தம்பி. எழுபத்து மூன்று வயது. 1977 முதல் 1998 வரை அந்த மலையிலிருந்து மேட்டூருக்குக் கல் இறக்கிய லாரிகளில் ஒன்றை ஓட்டியவர். 'கல்' என்றுதான் சொல்லுவார். பாக்ஸைட் என்ற சொல் அவருக்குத் தெரியாததல்ல. அது ஆபீஸ்காரர்கள் உபயோகிக்க வேண்டிய சொல் என்பது அவருடைய அபிப்பிராயம். சென்ற ஐப்பசியில் முழங்காலில் அறுவை செய்ய டாக்டர் நாள் குறித்துவிட்டார். அன்று சாயங்காலமே எனக்கு டெலிபோன் வந்தது.

"மாப்ளே, கத்தி வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் லோடு மேட்டைப் பாத்துட்டு வந்துடணும். நீங்க வரீங்களா, நான் தனியாப் போகட்டுமா?"

முழங்கால் நோகிறவரைத் தனியாக மலைக்கு அனுப்புகிற மருமகன் எவன் இருக்கிறான்? புறப்பட்டேன்.

சேலத்திலிருந்து போகும்போது, அடிவாரத்தை எட்டுவதற்கு முன்பே மேற்கே வெள்ளை வெள்ளையாகக் கரடுகள் தெரியும். வெள்ளைக்காரர்கள் அவற்றுக்குச் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே இருப்பது சாக் அல்ல, மேக்னசைட். உருக்கு உலைகளுக்கு உள்ளே பதிக்கும் செங்கல் செய்ய உதவுவது. அதன் பெயரால் சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. தென்மேற்கே திரும்பினால் கஞ்சமலை. அதில் இரும்பு. ஆக, சேலத்துக்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது தோண்டிப் பார்த்த மலைதான் கண்ணில் படும்.

கஞ்சமலை இரும்பை நம்பிக் கெட்டுப் போன ஒரு மனிதரின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஜோசையா மார்ஷல் ஹீத் என்று பெயர். சென்னை ராஜதானியில் நல்ல சிவில் உத்தியோகம். பென்ஷன் வாங்கிக்கொண்டு சுகமாகச் சீமைக்குப் போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு 1830ஆம் ஆண்டு வாக்கில் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். சேலத்துக் கல், காட்டு மரத்தின் கரி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கடன், இந்த மூன்றும்தான் மூலதனம். இரும்பு நன்றாகவே வந்தது. பணந்தான் வரவில்லை. பிறகு இங்கிலாந்துக்குப் போய், உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறை ஒன்றுக்கு 1839இல் உரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உலைக்காரர்கள் அந்த முறையால் கொழித்தார்கள். அவரோ வழக்காடி வழக்காடி 1851இல் இறந்து போனார். பரங்கிப்பேட்டை உலைகளும் நெடுநாள் நீடிக்கவில்லை. கஞ்சமலை மட்டும் அப்படியே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அதன் காலடியிலேயே உருக்காலை வந்தும், அது அந்த மலையின் கல்லைத் தொடவில்லை.

ஆனால் சேர்வராயன் மலைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறுகிற வரையில் மாமா டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். மேலே போகிற வண்டியில் பிரேக் எதற்கு என்று கேட்டேன். "எனக்கு எப்பவும் இது எறங்கற ரோடுதான் மாப்ளே. ஏறும்போது காலி வண்டி. தூங்கிக்கிட்டே ஏறலாம்" என்றார். பத்து டன் செம்மண் கல்லை முதுகில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கியரில் நாள் தவறாமல் இறங்கியவர். டயர் வெடித்தால் அதன் பணத்தை டிரைவருடைய பேட்டாவில் பிடித்துக்கொள்ளுகிற ஒரு லாரி முதலாளியிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போதுகூட அவருக்குக் கோபம் வருவதில்லை. டயரின் தரத்தைப் பற்றித்தான் கோபம்.

ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். முழங்காலை உத்தேசித்து நான் ஆட்டோ பேசப் போனேன். மாமா சம்மதிக்கவில்லை. ஒரு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு, மைல்கல்லுக்கு மைல்கல் நின்று நின்று நடந்தார். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வைத்த பயிர் காப்பி. அவருக்குப் பின் வந்த துரைமார்கள் பங்களா கட்டினார்கள், பேரிக்காய் வைத்தார்கள், ஆரஞ்சு வைத்தார்கள். மலையின் மேல்தோலில் பயிர் செய்து பணம் பார்த்தவர்கள் அவர்கள். தோலையே உரித்துப் பணம் பார்க்கலாம் என்பது பின்னால் வந்தவர்களின் கண்டுபிடிப்பு.

பாக்ஸைட் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானம் என்று பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அரிசி களைகிற சமாசாரந்தான். சேர்வராயன் மலை சார்னகைட் என்னும் கருங்கல்லால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் துரையின் சமாதியில் பதித்திருப்பது நம் பல்லாவரம் பக்கத்துக் கல். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஹாலந்து என்ற மண்ணியல் நிபுணர் 1893இல் இந்த ஜாதிக் கல்லுக்கே சார்னக்கின் பெயரை வைத்தார். இந்தக் கல்லின் மேல் லட்சக்கணக்கான வருஷம் மழை பெய்கிறது. மழை, கல்லில் கரையக்கூடியதையெல்லாம் களைந்து கொண்டு போய்விடுகிறது. கரையாமல் நிற்பவை இரும்பும் அலுமினியமும். இரும்பு மிகுந்தால் செம்பூராங்கல், அலுமினியம் மிகுந்தால் பாக்ஸைட். தண்ணீர் வடிந்தோட வேண்டும், மண்ணோ அரித்துப் போகாமல் நிற்க வேண்டும். அதனால் உயரத்தில், தட்டையாக இருக்கிற உச்சிகளில்தான் அது நன்றாக விளையும். அதாவது சாமி குடியிருக்கிற இடத்தில். பிரான்ஸில் லெ போ என்ற ஊர்ப் பக்கம் 1821இல் முதன்முதலில் அடையாளம் கண்டதால் பாக்ஸைட் என்று பெயர் வந்தது. நம்மவர்கள் முதலில் கண்டிருந்தால் சேர்வராயக்கல் என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்கும்.

கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கிட்டத்தட்ட 5,300 அடி உயரத்தில் சேர்வராயனும் காவேரியம்மனும் அருகருகே இருக்கிறார்கள். குகை உள்ளே போய்க்கொண்டே இருந்து காவேரி ஆற்றில் முடிகிறது என்பது நம்பிக்கை. மேட்டூர்ப் பக்கம் காவேரி இருப்பதையும், இந்த உச்சியின் கல் மேட்டூருக்கே போனதையும் நினைத்துக்கொண்டேன். ஒரு வழி சாமி போட்டது, இன்னொன்று லாரி போட்டது.

இந்த மலையில் குடியிருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்ததாகவும், பெரியவர் சேர்வராயனுக்கும், நடுவர் பச்சைமலைக்கும், சின்னவர் கொல்லிமலைக்கும் போனதாகவும் அவர்களுடைய பழங்கதை சொல்லுகிறது. மே மாதத்துத் திருவிழாவுக்குச் சுற்றுவட்ட மலையூர்களெல்லாம் திரண்டு வரும். நாங்கள் போன அன்று எங்களையும் காற்றையும் தவிர, ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். தலையில் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மாமாவின் வயதுதான் இருக்கும்.

"லோடு மேடு எங்கீங்க கவுண்டரே? தடமே தெரியலையே" என்று மாமா கேட்டார்.

அவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "லாரிக்காரரா?" என்றார். எப்படித் தெரிந்தது என்று வியந்தேன். "வேற யாரு அதைக் கேக்கப் போறாங்க? வாங்க" என்று ஆடுகளை அவற்றின் புத்திக்கு விட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

தடம் இருந்தது. புல்லுக்கு அடியில் இருந்தது. இரண்டு சக்கரம் ஓடிய பள்ளம் மட்டும் சற்றுத் தாழ்ந்து, அதில் மழைநீர் தேங்கிச் சிவந்திருந்தது. ஓரத்தில் உண்ணிச்செடி புதர் புதராக மண்டியிருந்தது. மாமா கழியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு, "இங்க ஒரு வேப்பமரம்... இல்ல இல்ல, அது கீழே" என்றும், "இந்த எடத்துல ரிவர்ஸ் எடுக்கணும்" என்றும் தமக்குத்தாமே பேசிக்கொண்டு போனார். தடம் ஒரு திருப்பத்தில் வளைந்தது. அதற்கப்புறம் மலை படி படியாக வெட்டப்பட்டிருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான செக்கச்செவேலென்ற சுவர், அதன் அடியில் தட்டையான தளம், மறுபடியும் சுவர். யாரோ நட்டு வைத்த மரங்கள் தளத்தில் வரிசையாக நின்றன. காட்டு மரங்கள் இப்படி வரிசையில் நிற்பதில்லை. ரேஷன் கடைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தன.

மாமா ஒரு மண்மேட்டில் ஏறி நின்றார். "இதுதான் மாப்ளே. வண்டியை அடியில நிறுத்தினா மேலேயிருந்து கூடை கூடையாத் தட்டுவாங்க. அப்புறம் மெஷின் வந்துச்சு." அவர் முகத்தில் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த பழைய மாணவனுடைய சந்தோஷம் இருந்தது. எந்த டிரைவர் எங்கே படுத்துத் தூங்குவான், யார் சீட்டாடுவான், எந்தக் கிளீனர் பையன் நன்றாகப் பாடுவான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

கவுண்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையிலிருந்த தொரட்டியை உயர்த்தினார். சுவருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், வெறும் ஆகாயத்தைக் காட்டினார்.

"தரை அங்கே இருந்துச்சு."

எங்களுக்குப் புரியவில்லை.

"நான் சின்னப் பையனா இருந்தப்போ தரை அந்த ஒசரத்துல இருந்துச்சுங்க. திருவிழாவுக்கு வந்தா எங்க ஆயா அங்கதான் அடுப்புக் கூட்டுவா. அதோ, அந்தக் காக்கா போவுதில்லே, அந்த எடம்."

காக்கை அந்த இடத்தின் ஊடே பறந்து போயிற்று. நானும் மாமாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். இடிந்த வீட்டைக் காட்டி, இங்கே கூடம், இங்கே சமையலறை என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதைகளிலும் எழுதியிருக்கிறேன். வெற்றிடத்தைக் காட்டி இங்கே பூமி இருந்தது என்று சொல்லுகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மாமாவுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்திருக்கிறது. "நாங்க ஓட்டத்தானுங்க செஞ்சோம். தோண்டினது வேற ஆளுங்க" என்றார்.

"நாங்கதான் தோண்டினோம்" என்றார் கவுண்டர், சாவதானமாக. "நானும் எந் தம்பியும் பதினாறு வருஷம். காப்பித் தோட்டத்துக் கூலியை விட இங்க கூடக் கிடைச்சுது. முதல் நாள் கடப்பாறை போடறதுக்கு முன்னாடி சாமிகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் போட்டேன்."

"சாமி என்ன சொல்லுச்சு?" என்று நான் கேட்டேன். எழுத்தாளன் புத்தி.

"அது என்னிக்குத் தம்பி பதில் சொல்லியிருக்கு?"

உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்த காப்பியைப் பங்கு போட்டுக்கொண்டோம். மாமா பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, இவ்வளவு கல்லும் கடைசியில் என்னவாயிற்று என்று என்னைக் கேட்டார். இருபத்தொரு வருஷம் ஓட்டியவருக்குத் தொழிற்சாலையின் வாசல்தான் தெரியும். கொட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கல்லைப் பொடி செய்து காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் அலுமினா கரைந்து பிரியும், மிச்சம் சிவப்புச் சகதி. அலுமினாவை உருகிய உப்பில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம். ஒரு டன் அலுமினியத்துக்கு நாலைந்து டன் கல்லும் சுமார் 15,000 யூனிட் மின்சாரமும் வேண்டும். அணைக்கட்டு மின்சாரம் இருக்கிற மேட்டூருக்கு ஆலை போனதும், 1965இல் அங்கே உற்பத்தி தொடங்கியதும் அதனால்தான். இந்த மின்சார முறையை 1886இல் அமெரிக்காவில் ஹால் என்ற இளைஞரும் பிரான்ஸில் ஹெரூல் என்ற இளைஞரும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

அதற்கு இரண்டு வருஷம் முந்தி, வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் கௌரவமாக வைப்பதற்கு அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை அபூர்வ உலோகமாக இருந்தது அப்போது. சென்னை கலைப் பள்ளியில் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தபோது தகடு கப்பலில்தான் வந்தாக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக் குண்டானுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சேலம் கடைவீதியில் என் தாயார் எடை போட்டு வாங்கினாள். அடி நசுங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதில் வெந்த சோற்றைத் தின்றுதான் நாங்கள் நான்கு பேர் வளர்ந்தோம்.

"ஒரு வருஷத்துக்கு எத்தனை நடை ஓட்டியிருப்பீங்க மாமா?"

"மழை நாள், வண்டி ஒர்க்ஷாப்ல நிக்கற நாளு போக, எரநூத்தி நாப்பது வெச்சுக்குங்க."

மணலில் குச்சியால் கணக்குப் போட்டேன். 21 வருஷம், ஏறக்குறைய 5,000 நடை. நடைக்குப் பத்து டன் என்றால் 50,000 டன் கல். ஐந்துக்கு ஒன்று வீதம் 10,000 டன் அலுமினியம். கிலோ எடையுள்ள குண்டானாகக் கணக்கிட்டால் ஒரு கோடி.

"ஒரு கோடியா!" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார். முழங்கால் நினைவு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். மாமா எந்தக் காலத்திலும் எதையும் கோடியில் எண்ணியவர் அல்லர். ஒரு கோடி அடுப்பில் தாம் இறக்கிய கல் ஏறியிருக்கக்கூடும் என்பது அவருக்கு ஒரு பட்டாபிஷேகம் போல இருந்தது. அது நியாயமான சந்தோஷம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கவுண்டர் மணலில் இருந்த கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊட்டிலயும் ஒண்ணு இருந்துச்சு" என்றார். "வாரச் சந்தையில காசு கொடுத்து வாங்கினது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் வீட்டுக் குண்டானும் இப்போது இல்லை. எவர்சில்வர் மோகம் வந்தபோது பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. அலுமினியத்துக்கு அழிவு கிடையாது. கல்லிலிருந்து எடுக்கச் செலவாகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும், உருக்கி மறுபடியும் வேறொன்று ஆக்கிவிடலாம். எங்கள் குண்டான் ஏதோ ஒரு ஜன்னல் சட்டமாகவோ, ஏற்காட்டு பஸ்ஸின் மேல்தகடாகவோ இருக்கலாம். உலோகத்துக்கு அப்படி ஒரு மறுபிறப்பு உண்டு. மேட்டூர் ஆலையின் உலை 2008இல் அணைந்தது. ஆகாயத்தில் கவுண்டர் காட்டிய அந்தத் தரைதான் எங்கும் சேரவில்லை. அதைத் திரும்ப உண்டாக்க மழை இன்னும் சில லட்சம் வருஷம் பெய்தாக வேண்டும்.

இப்படிச் சொன்னால் கவுண்டர் லாரிகளை வெறுத்தார் என்று தோன்றும். அப்படியும் இல்லை. அவருடைய மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தில் சிக்கல் வந்த இரவு, தூளி கட்டி ஏரிக்கரை வரை தூக்கிப் போக ஆள் சேரவில்லை. கல் ஏற்றி நின்ற ஒரு லாரியை நிறுத்தி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துச் சேலம் கொண்டு போயிருக்கிறார்கள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

"அது எந்த வருஷமுங்க?" மாமாவின் குரலில் ஓர் ஆவல் இருந்தது.

"எண்பத்தி நாலு. தை மாசம்."

மாமா விரல் விட்டு எண்ணினார். நீண்ட நேரம் எண்ணினார். "நான் இல்லீங்க" என்றார் கடைசியில். "அப்ப எனக்குக் கொல்லிமலை லைன் போட்டிருந்தாங்க."

"யாரா இருந்தா என்னங்க, உங்க ஆளுதானே" என்றார் கவுண்டர்.

மஞ்சு இறங்க ஆரம்பித்தது. முதலில் மரங்களின் வரிசை மறைந்தது, பிறகு சிவப்புச் சுவர். ஆடுகள் தாமாகவே தடத்துக்கு வந்துவிட்டன. இறங்குகிற வழியில்தான் கவுண்டருடைய வீடு. அந்தப் பெண் குழந்தை, இப்போது நாற்பது வயது அம்மாள், வாசலில் தார்ப்பாயில் மிளகு காய வைத்திருந்தாள். மழை வருமோ என்று அவசர அவசரமாக வாரிக்கொண்டிருந்தாள். மாமா ஒரு மிளகை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, அரைக் கிலோ என்ன விலை என்று கேட்டார். அவள் சொன்ன விலைக்குச் சேலத்தில் முக்கால் கிலோ கிடைக்கும் என்றார் மாமா. அப்படியானால் சேலத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் அவள். கவுண்டர் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஐந்து ரூபாய்கூட அவள் குறைக்கவில்லை. மாமா அரைக் கிலோ வாங்கிக்கொண்டார். அளந்து கொடுத்தது ஓர் அலுமினிய டம்ளரில். ஏரிக்கரை வந்து சேரும்வரை அந்த விலையைப் பற்றியே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.